கருப்பு பீர் பாதியில் நின்றுவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கருப்பு பீர் காய்ச்சுகிற நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நொதிப்பு நின்னுபோச்சு, என்ன பண்ணட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன. அளவுகள் எல்லாம் 20 லிட்டர் பீருக்கானவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "நின்றுவிட்டது" என்று என்னிடம் வந்த பீர்களில் பெரும்பாலானவை நிற்கவில்லை. முடிந்திருந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காமல் எதையாவது உள்ளே போடுவதில்தான் நல்ல பீர்கள் கெடுகின்றன.

"மூணு நாள் கடகடன்னு குமிழி வந்துச்சு. நாலாவது நாள் சத்தமே இல்லை. நின்னுடுச்சா?"

அதை ஏர்லாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏர்லாக் என்பது வாயு வெளியேறும் வழி, அளவுகோல் அல்ல. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் வாயு ஓரமாகக் கசிந்து போய்விடும். உள்ளே நொதிப்பு மும்முரமாக நடக்கும், ஏர்லாக் அசையாது. தலைகீழாகவும் நடக்கும்: எப்போதோ முடிந்துபோன பீர், அறை கொஞ்சம் சூடானதும் கரைந்திருந்த கரியமில வாயுவை வெளியே விடும். பார்க்கிறவருக்கு நொதிப்பு மறுபடி தொடங்கிவிட்டது போலத் தெரியும்.

18 முதல் 20 டிகிரி செல்சியஸில் ஒரு சாதாரண ஸ்டவுட் மூன்று நான்கு நாளில் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தின்று தீர்ப்பது சகஜம். நான்காம் நாள் அமைதி நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை எடுங்கள். தண்ணீர் அதில் 1.000; சர்க்கரை கரைந்திருந்தால் எண் ஏறும், 0.001 ஏறினால் ஒரு புள்ளி. அது இல்லாமல் இந்தப் பக்கத்தின் மீதியைப் படித்துப் பயனில்லை.

"ஹைட்ரோமீட்டர்ல எந்த எண் வந்தா சரி? 1.010-க்குக் கீழே போகணும்னு சொன்னாங்களே?"

எல்லா பீருக்கும் பொதுவான எண் கிடையாது. ஆரம்ப அடர்த்தியில் எத்தனை பங்கு இறங்கியது என்றுதான் பார்க்க வேண்டும். 1.060-இல் தொடங்கி 1.015-இல் முடிந்தால், 60 புள்ளியில் 45 இறங்கியிருக்கிறது. அது 75 சதவீதம். ஈஸ்ட் பாக்கெட்டில் இந்தச் சதவீதம் ஒரு வரம்பாகப் போட்டிருக்கும். அந்த வரம்பு பெரும்பாலும் வெளிர் நிற வோர்ட்டை மனதில் வைத்துச் சொல்வது. (வோர்ட் என்பது மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, வடிக்கும் இனிப்புச் சாறு.) கருப்பு பீரில் வரம்பின் கீழ் முனையை எதிர்பாருங்கள்.

ஒரு முறை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறாமல் இருந்தால்தான் "நகரவில்லை" என்று சொல்லலாம். அளக்கும் முன் மாதிரியை இரண்டு கிண்ணங்களுக்கிடையே நாலைந்து முறை ஆற்றி வாயுவை விரட்டுங்கள். குமிழிகள் ஒட்டிக்கொண்டு கருவியைத் தூக்கிப் பிடிக்கும். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியை 30 டிகிரி பீரில் விட்டால் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும்.

அப்புறம், கருவியையும் சந்தேகப்படுங்கள். ஒரு போர்ட்டர் 1.022-இலேயே நிற்கிறது என்று பத்து நாள் நான் அதை உருட்டினேன், சூடாக்கினேன், புது ஈஸ்ட் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஹைட்ரோமீட்டருக்குள் இருந்த காகித அளவுகோல் ஒட்டு விட்டு நகர்ந்திருந்தது. வெறும் தண்ணீரில் 1.006 காட்டியது. தண்ணீரில் ஒருமுறை விட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

"லைட் கலர் பீர் எல்லாம் நல்லா இறங்குது. ஸ்டவுட் மட்டும் 1.020-லயே உட்கார்ந்துக்குது. கருப்பு மால்ட் ஈஸ்ட்டைக் கொல்லுதா?"

இல்லை, கொல்லவில்லை. அங்கே தின்பதற்கு இருப்பதே குறைவு. மால்ட்டை வறுக்கும்போது அதிலிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் புரதத்தோடு வினைபுரிந்து நிறமும் மணமும் தரும் வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. அவை தண்ணீரில் கரையும், அடர்த்தியில் கணக்காகும். ஈஸ்ட்டால் செரிக்க முடியாது. உள்ளிருக்கும் சர்க்கரை பாகாக இறுகும்படி சூடாக்கிய கிரிஸ்டல் மால்ட்டிலும் அப்படி ஒரு பங்கு உண்டு. ஒரு ஸ்டவுட்டில் வறுத்த பார்லி, சாக்லேட் மால்ட், கிரிஸ்டல் மூன்றும் சேர்ந்து கால்வாசி என்றால், நாலைந்து புள்ளி மேலேயே முடிவது இயல்பு.

லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, போட்டிருந்தால் இன்னும் கூடும். பீர் ஈஸ்ட்டுக்கு லாக்டோஸை உடைக்கத் தெரியாது. 20 லிட்டரில் அரைக் கிலோ போட்டால் சுமார் எட்டு ஒன்பது புள்ளி நிரந்தரமாக அங்கேயே இருக்கும். "மில்க் ஸ்டவுட் 1.024-இல் நிற்கிறது" என்று பதறி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, லாக்டோஸைக் கழித்தீர்களா என்பதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் போர்ட்டர் காய்ச்சுகிறவர்கள் கைக்கு ஹைட்ரோமீட்டர் வந்த பிறகுதான், பழுப்பு மால்ட் வெளிர் மால்ட்டைவிடக் குறைவான சாரமே தருகிறது என்பது எண்ணில் தெரிந்தது. வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள், ஆனால் நிறம் போயிற்று. 1817-இல் டேனியல் வீலர் கருக வறுத்த மால்ட்டுக்குக் காப்புரிமை பெற்றதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது: சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்கு ஒரு கைப்பிடி கருப்பு. உங்கள் ஸ்டவுட் எப்போதும் மேலேயே நிற்கிறது என்றால் செய்முறையில் அந்தக் கைப்பிடி எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பாருங்கள்.

"நான் தானியமே போடலை. டார்க் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாதான். அதுக்கும் இதே கதையா?"

எக்ஸ்ட்ராக்ட் என்பது வற்றவைத்த வோர்ட்தான். அதனால் அதே கதைதான், ஆனால் உங்கள் கையில் கட்டுப்பாடு குறைவு. அடர் நிற எக்ஸ்ட்ராக்டில் எவ்வளவு கிரிஸ்டல், எவ்வளவு வறுத்தது என்பது டப்பாவில் தெளிவாக இருக்காது. எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சுகிறவர்கள் "1.020 சாபம்" என்று ஒன்றைச் சொல்வார்கள். சாபமெல்லாம் இல்லை, உள்ளே இருப்பது அவ்வளவுதான். அடுத்த முறை வெளிர் எக்ஸ்ட்ராக்டை அடிப்படையாக வையுங்கள். நிறத்துக்கும் சுவைக்கும் வறுத்த தானியத்தை நீங்களே ஊறவைத்து வடித்துச் சேருங்கள்.

"ரிஃப்ராக்டோமீட்டர்ல 7.5 பிரிக்ஸ் காட்டுது. அட்டவணைப்படி 1.030. பாதியிலயே நின்னுடுச்சே!"

ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிட்டு பிரிக்ஸ் என்ற அளவில் சொல்லும் கருவி. ஆல்கஹால் ஒளியை வளைக்கும் விதம் தண்ணீரிலிருந்து வேறு. அதனால் நொதிப்பு தொடங்கிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் எண்ணை நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரம்ப எண்ணையும் சேர்த்துத் திருத்தும் சூத்திரம் இருக்கிறது. நீங்கள் 14.7 பிரிக்ஸில், அதாவது 1.060-இல் தொடங்கியிருந்தால், இந்த 7.5 என்பது உண்மையில் சுமார் 1.014. உங்கள் பீர் முடிந்துவிட்டது. வாழ்த்துகள்.

"சரி, அளந்தேன். நிஜமாவே 1.024. முடிஞ்சதா நின்னதான்னு அடிச்சுச் சொல்ல வழி உண்டா?"

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள். கால் லிட்டர் பீரைச் சுத்தமான ஒரு ஜாடியில் எடுங்கள். அதே வகை ஈஸ்ட்டை, உலர் ஈஸ்ட் என்றால் ஒரு தேக்கரண்டி, தாராளமாகப் போடுங்கள். வாயைத் தளர்வாக மூடி 24 முதல் 27 டிகிரியில் வைத்து, கடந்துபோகும் போதெல்லாம் ஒரு சுழற்று சுழற்றுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வண்டல் தங்கிய பிறகு தெளிவை மட்டும் எடுத்து அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். சுவை கேவலமாக இருக்கும். நமக்கு வேண்டியது எண் மட்டும்.

ஜாடியும் 1.024-இலேயே நின்றால், அந்த வோர்ட்டில் அந்த ஈஸ்ட்டால் அதற்குக் கீழே போக முடியாது. பீர் முடிந்தது. ஜாடி 1.015-க்கு இறங்கினால் பெரிய பாத்திரத்தில் ஒன்பது புள்ளி பாக்கி இருக்கிறது, அது நின்றுபோன பீர். இதை நொதிப்பின் முதல் நாளிலேயே, புது வோர்ட்டில் கொஞ்சம் எடுத்துச் செய்துவிட்டால் இறுதி எண் என்ன என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு கருப்பு பீருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? இரண்டு ஜாடி வையுங்கள். ஒன்றில் உங்கள் ஈஸ்ட், மற்றதில் யூ.எஸ்-05 மாதிரி நன்றாக இறக்கும் ஒன்று. விண்ட்சர் போன்ற சில ஆங்கில ஈஸ்ட்டுகளுக்கு மால்டோட்ரையோஸ் என்ற மூன்று கண்ணிச் சர்க்கரையைத் தின்னத் தெரியாது. மால்ட் வோர்ட்டின் சர்க்கரையில் அது கணிசமான பங்கு. முதல் ஜாடி நின்று இரண்டாவது மட்டும் இறங்கினால் குற்றம் உங்கள் காய்ச்சலில் இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டின் சுபாவம் அது.

"ஜாடி இறங்குச்சு, பெரிய பாத்திரம் இறங்கலை. முதல்ல என்ன செய்யட்டும்?"

சூடு, அதோடு ஒரு சுழற்று. முதல் இரண்டு மூன்று நாள் ஈஸ்ட் தன் வேலையாலேயே சூட்டை உண்டாக்கும். வேகம் குறைந்ததும் அந்தச் சூடு போய்விடும். அறை 16 டிகிரி என்றால் பீரும் 16-க்கு இறங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சில ஈஸ்ட்டுகள் திரண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எஸ்-04 மாதிரி சீக்கிரம் திரளும் ஆங்கில வகைகளில் இது அதிகம். ஸ்டவுட்டுக்கு நாம் தேடிப்போவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

பாத்திரத்தை 21 அல்லது 22 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்காமல், பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்து அடி வண்டல் கலங்கும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள். அப்புறம் அளந்து பாருங்கள். நின்றுபோன பீர்களில் பலவற்றுக்கு இதற்கு மேல் மருந்து தேவைப்படுவதில்லை. வண்டலின் மேல் இன்னும் ஒரு வாரம் கிடந்தால் கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். வீட்டு அளவில் மூன்று வாரம்கூட ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் கெடுதல். வேலை செய்ய வேண்டிய ஈஸ்ட்டைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

"சுழற்றுறதுக்குப் பதிலா நல்லா அடிச்சுக் குலுக்கிக் காற்று ஏத்தலாமா? ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேணும்னு படிச்சேனே."

வேண்டும், ஆனால் ஈஸ்ட் போடும் அந்த நேரத்தில். பெருகும்போது செல் சவ்வைக் கட்ட அதற்கு ஆக்ஸிஜன் தேவை. ஆல்கஹால் வந்த பிறகு ஏற்றும் காற்று பீரைத்தான் பழசாக்கும். நனைந்த அட்டையின் வாடை வரும். மெதுவாகச் சுழற்றினால் மேலே இருக்கும் கரியமில வாயு காவலாக இருக்கும்.

"நான் ஒரே ஒரு பாக்கெட்தான் போட்டேன். அது போதாதா?"

1.060 வரையுள்ள பீருக்கு, 11 கிராம் உலர் ஈஸ்ட், புதியதாக, குளிரில் வைத்திருந்ததாக இருந்தால் போதும். ஸ்டவுட், போர்ட்டர் சேர்ந்த ஏல் வகைகளுக்கு வழக்கமான கணக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (பிரிக்ஸ் போன்ற சர்க்கரை அளவு), ஏழரை லட்சம் செல்கள். 20 லிட்டர், 1.060 என்றால் சுமார் 22,000 கோடி. திரவ ஈஸ்ட் பொதி ஒன்றில் புதிதாக இருக்கும்போது 10,000 கோடி போல இருக்கும், நாளாக ஆகக் குறையும். ஆகவே திரவ ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டர், அதாவது கொஞ்சம் வோர்ட்டில் முன்கூட்டியே பெருக்கிய ஈஸ்ட், அவசியம். 1.070-க்கு மேல் என்றால் உலர் ஈஸ்ட்டிலும் இரண்டு பாக்கெட்.

குறைவாகப் போட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. குறைந்த ஆட்கள் பெருகிப் பெருகியே களைத்துப்போய், கடைசி கால்வாசி வேலையில் கைவிடுவார்கள். குறை அப்போதுதான் வெளியே வரும்.

"இன்னொரு பாக்கெட் மேலே தூவினேன். ஒரு வாரமாச்சு, ஒண்ணுமே நடக்கலை."

ஆல்கஹால் இருக்கிறது, ஆக்ஸிஜன் இல்லை, பி.எச். இறங்கிவிட்டது (அதாவது புளிப்பு ஏறிவிட்டது), எளிய சர்க்கரையை எல்லாம் முந்தினவர்கள் தின்றுவிட்டார்கள். அப்படி ஓர் இடத்தில் தூக்கம் கலையாத ஈஸ்ட்டைக் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் அது அப்படியே அடியில் போய்ச் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி ஈஸ்ட் போடுங்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் நுரை கட்டி உச்சத்துக்கு வரும். அப்போது நின்றுபோன பீரில் அரை லிட்டரை அதில் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் மறுபடி சுறுசுறுப்பானால் இன்னொரு அரை லிட்டர். ஆல்கஹாலுக்குப் பழகட்டும். அப்புறம் நுரையோடு முழுவதையும் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். ஆனால் ஒன்று: ஜாடிச் சோதனை "முடிந்தது" என்று சொல்லியிருந்தால் இதுவும் வீண்தான். உங்கள் கேள்வியில் அந்தச் சோதனை செய்ததாகத் தெரியவில்லை.

"ஈஸ்ட் நியூட்ரியன்ட் பொடி போட்டா எழுந்துக்குமா?"

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எழாது. நைட்ரஜனும் துத்தநாகமும் பெருகும் காலத்துக்கான உணவு. கொதிநிலையின் கடைசிப் பத்து நிமிடத்தில் போட வேண்டியவை. மேலே சொன்ன ஸ்டார்ட்டரில் ஒரு சிட்டிகை சேர்த்தால் பயன் உண்டு. எப்படியிருந்தாலும் உலர்ந்த பொடியை நேராக பீரில் கொட்டாதீர்கள். கரைந்திருக்கும் வாயு ஒரே நொடியில் பொங்கி எழும். மூடி, கை, கூரை எல்லாம் ஸ்டவுட்தான்.

"கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரை போட்டு உசுப்பிவிடலாம்னு ஒருத்தர் சொன்னார்."

குமிழி வரும், மனசு நிறையும். போட்ட சர்க்கரையைத் தின்றுவிட்டு ஈஸ்ட் மறுபடி படுத்துக்கொள்ளும். பாக்கி இருந்த ஒன்பது புள்ளி அப்படியே இருக்கும், ஆல்கஹால் மட்டும் கூடியிருக்கும். தொடக்கத்திலேயே எளிய சர்க்கரை அதிகம் கொடுப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்வரை, வோர்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைச் செரிக்கும் ஏற்பாட்டை ஈஸ்ட் கட்டாமல் தள்ளிப்போடும். வலுவான பீருக்குச் சர்க்கரை சேர்ப்பதானால் நொதிப்பு இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு சேருங்கள்.

"வறுத்த மால்ட் புளிப்பாமே. பி.எச். இறங்கித்தான் ஈஸ்ட் நின்னிருக்குமோ?"

புளிப்பு என்பது உண்மை, முடிவு மட்டும் சரியில்லை. முடிந்த ஸ்டவுட்டின் பி.எச். 4.2, 4.4 என்று இருப்பது சாதாரணம். ஈஸ்ட் அதற்குச் சளைக்காது. அடி விழுவது அதற்கு முன்னால், தானியம் ஊறும் மேஷில். அங்கே 5.2 முதல் 5.6 வரை வேண்டும். தாது உப்பு குறைந்த மென்மையான தண்ணீரில் வறுத்த மால்ட்டை அள்ளிப்போட்டால் அது 5-க்குக் கீழே போகும். மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் தடுமாறும், சுவையிலும் கரிப்புளிப்பு ஏறும். பைகார்பனேட் நிறைந்த டப்ளின், லண்டன், மியூனிக் தண்ணீர் கருப்பு பீருக்குப் பேர்போனதன் காரணம் இதுவே. அந்த உப்பு புளிப்பைச் சமன்செய்துவிடும். (பி.எச். என்ற அளவே பீரோடு சேர்ந்து பிறந்ததுதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் அதை 1909-இல் உருவாக்கினார்.)

வறுத்த தானியத்தை மேஷின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மட்டும் சேர்ப்பது எளிய வழி. சமையல் சோடாவும் உதவும், ஆனால் பி.எச். மீட்டர் இல்லாமல் போடாதீர்கள். அளவு மீறினால் பீர் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

"மேஷ் 70 டிகிரி வரை போயிடுச்சு. அதனாலயா?"

ஆமாம், அதனால்தான். ஓரத்திலிருந்து கடித்துக் கடித்து மால்டோஸ் தரும் பீட்டா அமைலேஸ் 65 டிகிரி வாக்கில் நன்றாக வேலை செய்யும், 70-இல் சீக்கிரம் செத்துவிடும். மிஞ்சுவது ஆல்ஃபா அமைலேஸ். அது கண்ட இடத்தில் வெட்டும். நடுத்தர நீளத் துண்டுகள், அதாவது டெக்ஸ்ட்ரின்கள், நிறைய மிஞ்சும். அவை ஈஸ்ட்டுக்கு உணவல்ல. ஜாடியும் இறங்காது, ஸ்டார்ட்டரும் உதவாது. அப்படியே கனமான ஸ்டவுட்டாகக் குடிக்கலாம். அல்லது அடுத்த முறை 64-இல் மேஷ் செய்த வறண்ட பீரோடு கலக்கலாம். நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன், தனித்தனியாக இருந்ததைவிட நன்றாக வந்தது. தெர்மாமீட்டரை உருகும் பனிக்கட்டியில் ஒருமுறை சோதியுங்கள். பூஜ்ஜியம் காட்டாவிட்டால் உங்கள் 66 எப்போதுமே 70-ஆக இருந்திருக்கலாம்.

"டெக்ஸ்ட்ரினை உடைக்கிற என்சைம் கிடைக்குதே. ரெண்டு துளி விட்டா முடிஞ்சுதே?"

முடியும், ஆனால் எங்கே முடியும் என்று உங்களால் சொல்ல முடியாது. குளுக்கோஅமைலேஸ் ஒரு துளியானாலும் நிற்காது. என்சைம் செலவழியாது, டெக்ஸ்ட்ரின் தீரும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டவுட் 1.002, 1.000 என்று போய், உடம்பே இல்லாமல், வறுத்த கசப்பு மட்டும் மிஞ்சிய கருப்புத் தண்ணீராகிவிடும். நல்ல சூட்டில் பாஸ்சரைஸ் செய்தால்தான் அதை நிறுத்த முடியும். பாட்டிலில் அடைத்த பிறகும் வேலை நடந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் இரண்டு கேள்விக்கு அப்பால் இருக்கிறது. கொட்டிவிடலாம் என்று முடிவெடுத்த பீருக்கு மட்டுமே நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

"இம்பீரியல் ஸ்டவுட். 1.100-ல ஆரம்பிச்சு 1.040-ல நிக்குது."

இம்பீரியல் என்றால் மிக வலுவான ஸ்டவுட். இது நிஜமாகவே நின்ற பீராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 60 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது, இந்த வகை வழக்கமாக 1.025, 1.030 வரை வரும். ஏற்கெனவே எட்டு சதவீத ஆல்கஹால் ஆகிவிட்டது, அதற்கு முன் அடர்ந்த சர்க்கரையின் அழுத்தம் வேறு. ஈஸ்ட் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறது. ஜாடிச் சோதனை, சூடு, பழக்கப்படுத்திய ஸ்டார்ட்டர் என்று மேலே சொன்ன வரிசையிலேயே போங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகச் செய்யுங்கள், ஆல்கஹால் தாங்கும் ஈஸ்ட்டாக எடுங்கள். எண் நகர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

அடுத்த முறைக்கு: குலுக்கிக் காற்றேற்றினால் ஒரு லிட்டருக்கு சுமார் எட்டு மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும், இந்த அடர்த்தியில் அதுவும் முழுதாகக் கரையாது. சுத்தமான ஆக்ஸிஜன் கிடைத்தால் நல்லது. ஈஸ்ட் போட்ட 12 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை காற்றேற்றுவது இந்த வகைக்கு மட்டும் நான் விதிவிலக்காகச் செய்வது. அதைவிடச் சுலபமானது, முதலில் ஒரு சாதாரண போர்ட்டர் காய்ச்சி, அதன் அடி வண்டலின் மேல் இம்பீரியல் வோர்ட்டை ஊற்றுவது.

"பழ சிரப் ஊத்தின அன்னைக்கே நின்னுடுச்சு."

லேபிளில் பொட்டாசியம் சார்பேட் இருக்கிறதா பாருங்கள். ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்கவே சேர்ப்பது அது. ஊற்றியதை வெளியே எடுக்க முடியாது. பெரிய, சுறுசுறுப்பான ஸ்டார்ட்டர் ஒன்றுதான் நம்பிக்கை.

"ரெண்டு வாரமா 1.024. இறங்கலை இல்ல, அப்போ பாட்டில்ல அடைச்சுடட்டுமா?"

ஜாடியும் 1.024 என்றால் தாராளமாக அடையுங்கள். ஜாடி 1.014 என்றால் அடைக்கவே கூடாது. ஒரு புள்ளி இறங்கினால் ஒரு லிட்டர் பீரில் சுமார் அரை லிட்டர் கரியமில வாயு கூடும். பத்து புள்ளி என்றால் ஐந்து லிட்டர். சாதாரண பீரில் இரண்டரை லிட்டர் இருக்கும். அதற்காக நீங்கள் போடும் சர்க்கரையின் வாயுவும் இதன் மேல் சேரும். கண்ணாடி தாங்காது. இது நுரை பொங்கும் சமாசாரம் அல்ல, கண்ணாடிச் சில் பறக்கும் சமாசாரம்.

அடைத்த கையோடு, ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே பீரை நிரப்பி வையுங்கள். தினமும் அமுக்கிப் பார்க்கலாம். கல் மாதிரி ஆகிவிட்டால் மீதியை எல்லாம் உடனே குளிரூட்டியில் வையுங்கள்.

"எல்லாம் சரியாத்தான் முடிஞ்சுது, 1.016-ல அடைச்சேன். மூணு மாசம் கழிச்சுத் திறந்தா ஊற்று மாதிரி பொங்குது. ஏன்?"

முதலில் பாதுகாப்பு: எல்லா பாட்டிலையும் குளிரில் வையுங்கள், திறக்கும்போது துணி சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து திறவுங்கள். அப்புறம் ஒரு பாட்டிலை நன்றாக ஆற்றி, வாயுவே இல்லாமல் செய்து, அளந்து பாருங்கள். இன்னும் 1.016 என்றால் பாட்டில் சர்க்கரை அதிகம், அல்லது சரியாகக் கலக்காமல் சில பாட்டிலுக்கு மட்டும் அதிகம் போய்விட்டது. சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு எதுவும் தொற்றவில்லை.

1.008, 1.006 என்று இறங்கியிருந்தால், உங்கள் ஈஸ்ட் தொடாததை வேறு யாரோ தின்றிருக்கிறார்கள். சைசான் என்ற பெல்ஜிய வகை பீருக்கான ஈஸ்ட்டுகள் சிலவற்றுக்கு டெக்ஸ்ட்ரினை உடைக்கும் என்சைமைத் தாங்களே சுரக்கத் தெரியும். முன்பு அதைக் காய்ச்சிய குழாயில் ஒட்டியிருந்த கொஞ்சமே போதும். இல்லாவிட்டால் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட். ஆங்கில நாட்பட்ட பீர்களில் மெதுவாக நடக்கும் இரண்டாம் நொதிப்புக்குக் காரணம் இதுதான் என்று கார்ல்ஸ்பெர்க்கின் கிளாசென் 1904-இல் சொன்னார். பெயரிலேயே பிரிட்டன் இருப்பது அதனால். முகர்ந்து பாருங்கள்: தோல், குதிரை லாயம், கிராம்பு வாடை இருந்தால் அதுவாக இருக்கலாம். பீரைக் குளிரில் வைத்துச் சீக்கிரம் குடித்துவிடலாம். குழாய், ரப்பர் வளையம், பிளாஸ்டிக் வாளி, கீறல் விழுந்த எதுவானாலும், தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.